சிவப்பு பேலரும் மேட்டு வயலும்

குர்ரூக் மேடு
ஞாயிறு, 8 செப்டம்பர் 1985

அன்புள்ள ஆல்வின்,

இனி உன்னைப் போனில் கூப்பிட வேண்டாம் என்று உன் அக்கா பெரில் சொன்னாள். சரி, கூப்பிடவில்லை. போன வாரம் கூப்பிட்டபோது நீ ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சு மட்டும்தான் விட்டாய். நீ மூச்சு விடுவது எனக்குத் தெரியும், அதற்கு மெல்போர்னுக்குப் போன் போட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் பயிற்சி கொடுக்கிற பெண் உன்னைத் தினமும் இடது கையால் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறாளாமே. எப்படியும் எழுதத்தான் போகிறாய், அதை எனக்கே எழுது.

நீ அக்காவிடம் சொல்லி அனுப்பியதும் வந்து சேர்ந்தது. முதலில் மாடுகள், பிறகு நிலம், புது வருடம் பிறந்ததும் ஏஜெண்டு வந்து பார்ப்பார். எல்லாம் முடிவு செய்துவிட்டாய். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்துத் தூங்கியவளிடம் இதை நீயே சொல்லியிருக்கலாம்.

ஜனவரியில் புல்லைக் கட்டுகிற அந்தப் பழைய பேலர் இயந்திரத்தில் புல் அடைத்துக்கொண்டபோது நீ இறங்கி இழுத்தாய், அது உன் வலது கையை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து நீ இந்த வீட்டுப் படி ஏறவில்லை. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு அக்கா வீடு. ஏன் வர மறுக்கிறாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நீ மயக்கத்தில் கிடந்தபோது இந்த மலைப் பக்கத்து ஆண்கள் எல்லோரும் லாரியும் டிராக்டருமாக வந்து, நம் புல்லைக் கட்டி, ஒவ்வொரு கட்டாகத் தூக்கிக் கொட்டகையில் அடுக்கிவிட்டுப் போனார்கள். நான் சாண்ட்விச் செய்து கொடுத்தே களைத்துப்போனேன். நீ யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் போய் உழைப்பாய், உனக்கு ஒருவன் உழைத்தால் மட்டும் தாங்காது. இந்த வருடமும் கேட்டால் வருவார்கள். நான் கேட்கப் போவதில்லை.

அதனால் ஒரு ரவுண்டு பேலர் வாங்கப் போகிறேன். சின்னச் சதுரக் கட்டுகளைத் தூக்கத்தான் ஆள் படை வேண்டும். பெரிய உருளை என்றால் கட்டுவதும் டிராக்டர், தூக்குவதும் டிராக்டர், ஓட்ட ஒரே ஒரு ஆள். பந்தயம் இதுதான்: புது வருடத்துக்குள் புல் முழுவதும் யார் உதவியும் இல்லாமல் நம் கொட்டகைக்குள் வந்துவிட்டால் பண்ணையை விற்பதில்லை, நீ வீட்டுக்கு வருகிறாய். வராவிட்டால் ஏஜெண்டு நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

எந்த பேலர் வாங்கலாம், சொல்.

உன்
நெரிடா

நீ போனதிலிருந்து பீட்ரூட் சீசா அலமாரியில் அப்படியே இருக்கிறது. இந்த வீட்டில் மூடி திறக்க ஆளில்லை.


மெல்போர்ன்
16 செப்டம்பர்

நெரிடா,

இடது கை. அதனால் சுருக்கமாக.

பேலர் வேண்டாம். விற்றுவிடலாம். அத்தனை புல்லையும் ஒரு ஆளால் எடுக்க முடியாது. என் மேல் கோபம் என்றால் நேராகத் திட்டு. இயந்திரம் வாங்கித் திட்டாதே.

கைக்குப் பதிலாக ஒரு கொக்கி கொடுத்திருக்கிறார்கள். நான் மாட்டிக்கொள்ளவில்லை.

ஆல்வின்

பின்குறிப்பு: எதை வாங்கினாலும் பச்சை நிற பேலரை வாங்காதே.


குர்ரூக் மேடு
22 செப்டம்பர்

அன்புள்ள ஆல்வின்,

உன் கையெழுத்தைப் பார்த்தால் கோழி கிளறியது போல இருக்கிறது. பின்குறிப்பைப் படித்துவிட்டுச் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். வாங்கவே வேண்டாமாம், ஆனால் பச்சை மட்டும் கூடவே கூடாதாம்.

வியாழக்கிழமை பக்கத்துப் பண்ணை விம் ஹூக்ஸ்ட்ராவின் ஓடையோர வயலில் இயந்திரங்களை ஓட்டிக் காட்டினார்கள். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. விற்க வந்தவர் வடக்குச் சமவெளிக்காரர், சேற்றில் டை கட்டிக்கொண்டு நின்றார். பச்சைதான் உயர்ந்தது என்று சத்தியம் செய்தார். அது நடுவிலிருந்தே இறுக்கி இறுக்கிச் சுற்றுமாம், உருளை கல் மாதிரி இருக்குமாம். சிவப்பில் நடு மெத்தென்று இருக்கும், வெளிச்சுற்று மட்டும்தான் இறுகும். அவர் அதை ஏதோ குறை மாதிரிச் சொன்னார். எது நல்லது?

இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். பச்சையில் உருளை நிறைந்ததும் ஒரு கையால் பின்கதவு லீவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கயிற்றை இழுக்க வேண்டும். எனக்கு அது சரிப்படவில்லை. சிவப்பில் ஒரே லீவர். ஆனால் அதுவும் டிராக்டர் சீட்டுக்கு வலது பக்கம் இருக்கிறது, அதுதான் தொல்லை. டைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மிஸஸ் ப்ரூவெட், வலது கைல ஏதும் அடி பட்டிருக்கா? கோட்டுக்குள்ளயே வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். குளிர் என்று சொல்லிவிட்டேன். விம் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

இன்னொன்று கவனித்தேன். சதுரக் கட்டு பேலர் நிற்கவே நிற்காது, நீயும் அதன் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ரவுண்டு பேலர் அப்படியில்லை. வயிறு நிறைந்ததும் நிற்க வேண்டும். நின்று, கயிறு சுற்றி முடிக்கும்வரை காத்திருந்து, கதவைத் திறந்து உருளையை இறக்கி, கதவை மூடிவிட்டுத்தான் அடுத்த அடி. நிதானமான ஆளுக்கு ஏற்ற இயந்திரம்.

இப்போது ஒவ்வொரு கேட்டுக்கும் நானே இறங்கித் திறந்து, ஏறி ஓட்டி, மறுபடி இறங்கி மூடுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் கேட் திறக்க வேண்டும் என்பதற்காகவே கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

நெரிடா


மெல்போர்ன்
1 அக்டோபர்

நெரிடா,

நான் இன்னும் விற்கத்தான் சொல்கிறேன். ஆனால் அந்தச் சமவெளிக்காரன் பேச்சைக் கேட்டு நீ ஏமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

அவன் ஊரில் புல் ஒரே நாளில் அப்பளமாய்க் காய்ந்துவிடும். அதைக் கல் மாதிரி இறுக்கலாம். நம் மலையில் டிசம்பர்க் கோடையிலும் காலையில் பூட்ஸ் நனைகிறது. எவ்வளவு காய்ந்தாலும் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும். அந்தப் புல்லைக் கல் மாதிரி இறுக்கினால் உள்ளே சூடேறும். கொட்டகை தானாகப் பற்றிக்கொள்ளும். மெத்தென்ற நடு மூச்சு விடும். அவன் குறை என்று சொன்னதுதான் நமக்கு வேண்டியது. சிவப்பு.

வாங்குமுன் இயந்திரத்துக்குள் சுழலும் ரோலர்களின் பேரிங்கைத் தொட்டுப் பார். ஓட்டி நிறுத்தியதும் ஒன்று மட்டும் கொதித்தால் வேண்டாம். சங்கிலியில் ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் வேண்டாம். புல் வாரும் பற்கள் இரண்டொன்று உடைந்திருந்தால் பரவாயில்லை, மாற்றலாம்.

லீவர் எந்தப் பக்கம் இருந்தால் உனக்கென்ன? இரண்டு கையும் இருக்கிறதே.

இங்கே சாப்பாட்டு நேரத்தில் பெரில் எனக்கு இறைச்சியை நறுக்கிக் கொடுக்கிறாள். நேற்று மாட்டிறைச்சி. நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு நல்ல மனசு. எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

ஆல்வின்


குர்ரூக் மேடு
13 அக்டோபர்

அன்புள்ள ஆல்வின்,

வாங்கிவிட்டேன். சிவப்புதான். பழையது, ஆனால் நன்றாக வைத்திருந்திருக்கிறார்கள். பேரிங் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன், சங்கிலியைக் குனிந்து பார்த்தேன். விற்றவர், யாரிடம் கேட்டுக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார். வீட்டுக்காரரிடம் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

வரும் வழியில் விம் நிறுத்திப் பார்த்தார். "ஆல்வின் எப்ப வர்றான்? வரலைன்னா அவனோட பெரிய ஸ்பேனரை நானே வச்சுக்குவேன்னு சொல்லு," என்றார். அவரிடம் கொஞ்சம் வெல்டிங் வேலை கொடுத்திருக்கிறேன். உதவி இல்லை, கூலிக்குத்தான். என்ன வேலை என்று கேட்காதே.

இறைச்சி விஷயம் படித்தேன். இங்கே இருந்தால் நான் நறுக்கித் தர மாட்டேன். எலும்போடு கையில் பிடித்துக் கடிக்க ஆட்டுச் சாப்ஸ் பொரிப்பேன், நானும் அப்படியே சாப்பிடுவேன்.

இனி ஓட்டுவது எப்படி என்று எழுது. டைக்காரர் கொடுத்த புத்தகம் மூன்று மொழியில் இருக்கிறது, ஒன்றிலும் புரியவில்லை.

நெரிடா


மெல்போர்ன்
21 அக்டோபர்

நெரிடா,

கவனமாகப் படி. இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

புல்லை வரிசையாக ஒதுக்கும்போது வரிசை பேலரின் வாயைவிடக் குறுகலாக இருக்கட்டும். வரிசையின் நடுவிலேயே ஓட்டிக்கொண்டு போகாதே. கொஞ்ச தூரம் இடது ஓரமாக வாங்கு, கொஞ்ச தூரம் வலது ஓரமாக. நடுவில் மட்டும் கொடுத்தால் நடு பெருத்துப் பீப்பாய் மாதிரி வரும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் காரட் மாதிரி வரும். அதற்காகக் குடிகாரன் மாதிரி வளைந்து வளைந்தும் ஓட்டாதே.

கட்டுமுன் ஒரு பிடி புல்லை எடுத்து முறுக்கு. ஒடிந்தால் கட்டலாம். கயிறு மாதிரி வளைந்தால் வீட்டுக்குப் போ.

அடைத்துக்கொள்ளும். கட்டாயம் அடைத்துக்கொள்ளும். அப்போது டிராக்டருக்குப் பின்னால் சுழன்று பேலரை ஓட்டும் தண்டை நிறுத்து. எஞ்சினை அணை. சாவியை எடுத்து உன் பாக்கெட்டில் போடு. பிறகுதான் இறங்கு. மழை தலைக்கு மேல் வந்து நின்றாலும் சரி. சாவி பாக்கெட்டில். இதைத் திரும்பப் படி.

பயிற்சிப் பெண் என்னைச் சீசா மூடி திறக்கப் பழக்குகிறாள். முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு திருக வேண்டும். காலி சீசா, உள்ளே ஒன்றும் கிடையாது. நாற்பத்தாறு வயதில் இது என் வேலை.

ஆல்வின்


குர்ரூக் மேடு
8 டிசம்பர்

அன்புள்ள ஆல்வின்,

நவம்பர் முழுக்க மழை, எழுத ஒன்றுமில்லை. இப்போது எழுத நிறைய இருக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு படி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் ஓடை வயலையும் கொட்டகைக்குப் பின்னால் இருப்பதையும் கட்டி முடித்துவிட்டேன். முதல் உருளை பீப்பாய்தான். அடுத்தது காரட். அதற்குப் பிறகு கை பழகியது. இரண்டு முறை அடைத்தது. இரண்டு முறையும் சாவி பாக்கெட்டில். இரண்டாவது முறை சாவியைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு டிராக்டர் முழுக்கத் தேடினேன், அது வேறு கதை.

அப்புறம் நேற்று சாலையோரச் சரிவில் கட்டினேன். உருளை நிறைந்தது, நிறுத்தினேன், கயிறு சுற்றியது, கதவைத் திறந்தேன். டிராக்டர் மேட்டைப் பார்த்து நிற்கிறது, பேலரின் பின்கதவு பள்ளத்தைப் பார்த்து நிற்கிறது. இதை நீ எழுதவில்லை, ஆல்வின். அடைத்தால் என்ன, முறுக்கினால் என்ன என்று எல்லாம் எழுதினாய், உருண்டையான பொருள் சரிவில் உருளும் என்பதை எழுதவில்லை. நானும் யோசிக்கவில்லை. இத்தனை காலம் சதுரக் கட்டு போட்ட இடத்திலேயே கிடப்பதைப் பார்த்துப் பழகியவர்கள்தானே நாம்.

முதலில் சும்மா யோசிக்கிற மாதிரி நின்றது. பிறகு கிளம்பியது. நம் வேலியைத் தாண்டி, சாலையைத் தாண்டி, ஊர் மன்றத்தின் வேலியைப் பிய்த்துக்கொண்டு டென்னிஸ் மைதானத்துக்குள் போய்விட்டது. சனிக்கிழமை. பெண்கள் இரட்டையர் ஆட்டம். நான் மேலே நின்று கத்துகிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. நல்லவேளை, எல்லோரும் தேநீருக்குப் போயிருந்தார்கள். உருளை வலையைப் போர்த்திக்கொண்டு நடுவர் நாற்காலியைச் சாய்த்துவிட்டு நின்றது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது டல்சி பாஸ்க் கையில் கேக் தட்டோடு அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "பந்து கோட்டுக்கு வெளியதான் விழுந்துருக்கு, நெரிடா. பாயிண்ட் எங்களுக்கு," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வேலியையும் வலையையும் நானே சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இனி சனிக்கிழமைகளில் நான் அங்கேதான்.

நெரிடா


மெல்போர்ன்
11 டிசம்பர்

அன்பு நெரிடா,

சிரித்தேன். பெரில் பயந்து ஓடி வந்தாள். இந்த வீட்டில் நான் சிரித்து அவள் கேட்டதில்லை. அவளுக்கும் படித்துக் காட்டினேன், அவளும் சிரித்தாள். இரவு இறைச்சியை நானே நறுக்கிக்கொள்கிறேன் என்றேன். பாதி தட்டுக்கு வெளியே போனது. அதுவும் எங்கள் பாயிண்ட் என்றாள்.

பிறகு தூக்கம் வரவில்லை. அந்த உருளை அரை டன் எடை. அது போன வழியில் நீ நின்றிருந்தால்? நான் எழுதியிருக்க வேண்டும். நம் நிலத்தில் எது எந்தப் பக்கம் சரியும் என்று என் காலுக்குத் தெரியும், ஆனால் காகிதத்தில் எழுதும்போது தோன்றவில்லை. இங்கே தரை எல்லாம் சமம்.

சரிவில் நிறைந்ததும் அப்படியே கதவைத் திறக்காதே. டிராக்டரைத் திருப்பிச் சரிவுக்குக் குறுக்காக நிறுத்து. உருளை பக்கவாட்டில் இறங்கினால் இருந்த இடத்தில் கிடக்கும். கொஞ்சம் மேல் நோக்கிப் பின்னால் வாங்கி இறக்கினால் இன்னும் நல்லது.

ஆனால் மேட்டு வயலைத் தொடாதே. அது உனக்குச் சரிப்படாது. யாருக்குமே சரிப்படாது, அதில் எங்கே திரும்பலாம் எங்கே திரும்பக் கூடாது என்று தெரியாதவன் டிராக்டரோடு கவிழ்ந்துவிடுவான். அந்தப் புல் போகட்டும். நீ பந்தயத்தில் தோற்றதாக நான் சொல்ல மாட்டேன்.

ஆல்வின்


குர்ரூக் மேடு
15 டிசம்பர்

அன்புள்ள ஆல்வின்,

புல் முழுவதும் என்பதுதான் பந்தயம். மேட்டு வயல் இல்லாமல் முழுவதும் ஆகாது. அந்தப் புல் இல்லாமல் ஆகஸ்டுக் குளிரில் மாடுகள் எதைத் தின்னும்? எல்லா வயலும் முடிந்துவிட்டது, அது ஒன்றுதான் நிற்கிறது. நீ சொன்னதும் சரிதான். அதில் நான் கட்டப் போவதில்லை. அது உன்னுடையது.

விம் செய்து தந்த வெல்டிங் என்ன என்று இப்போது சொல்கிறேன். லீவரை வலது பக்கத்திலிருந்து எடுத்து இடது மட்கார்டில் வைத்தார். ஸ்டீயரிங் சக்கரத்தில் இடது கை பிடிக்க ஒரு குமிழ் பொருத்தினார். அதைப் பிடித்தால் ஒரே கையால் முழு வட்டம் திருப்பலாம். நீ கேட்டாயே, உனக்குத்தான் இரண்டு கையும் இருக்கிறதே என்று. அன்று விம் வயலில் வலது கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டுதான் இரண்டு இயந்திரத்தையும் ஓட்டிப் பார்த்தேன். வலது கை இல்லாமல் எதை ஓட்ட முடியுமோ அதைத்தான் வாங்குவது என்று முதல் நாளே முடிவு. நம் ஓடை வயல் முழுவதையும் அப்படித்தான் கட்டினேன். பீப்பாயும் காரட்டும் அதனால்தான். பிறகு பழகிவிட்டது. இடது கை மட்டும் போதும், ஆல்வின். எனக்கே போதும் என்றால் உனக்குப் போதாதா?

கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் மேட்டு வயலை அறுக்கிறேன். அறுப்பதை மேலிருந்து கீழாகச் செய்துவிடலாம், அது எனக்குத் தெரியும். சனிக்கிழமைக்குள் காய்ந்துவிடும். அதன் பிறகு அது யாருக்காகக் கிடக்கிறது என்று உனக்குத் தெரியும்.

நெரிடா


மெல்போர்ன்
18 டிசம்பர்

நெரிடா,

நான் கேட்டேனா?

இத்தனை நாள் என்னிடம் ஆலோசனை கேட்பது போல நடித்திருக்கிறாய். முடவனுக்கு ஒரு பொம்மை வாங்கியிருக்கிறாய். விம் அதற்கு வெல்டிங் செய்தாராம். ஊரே சேர்ந்து செய்திருக்கிறீர்கள். போன ஜனவரியில் செய்ததையேதான் இப்போது வேறு மாதிரி செய்கிறீர்கள்.

அறுக்காதே. நின்ற புல்லாவது மாடு மேயும். அறுத்துப் போட்டு மழையில் விட்டால் அழுகும். நான் வரவில்லை.

ஆல்வின்


குர்ரூக் மேடு
21 டிசம்பர்

ஆல்வின்,

உன் கடிதத்தைப் பால் கறக்கும் கொட்டகையில் நின்று படித்தேன். மாடுகளிடம் உன்னைத் திட்டினேன், பாவம் அதுகள் என்ன செய்யும்.

நடிக்கவில்லை. மெத்தென்ற நடுதான் நமக்கு நல்லது என்று எனக்குத் தெரியாது. சங்கிலியை எப்படிப் பார்ப்பது என்று தெரியாது. நீ எழுதினாய், நான் செய்தேன், புல் கொட்டகையில் இருக்கிறது. உள்ளே சூடேறியிருக்கிறதா என்று உருளைக்குள் கம்பியைச் செருகி இழுத்துத் தொட்டுப் பார்க்கிறேன், குளிர்ந்தே இருக்கிறது. அதைக் கட்டியது என் கை, ஆனால் உன் கடிதம் இல்லாமல் கட்டியிருக்க மாட்டேன். உன்னைப் பார்த்து இரக்கப்பட எனக்கு நேரமில்லை. காலையும் மாலையும் கறக்கிறேன், என் தோள் வலிக்கிறது, கேட் திறக்க ஆளில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நான் ஓட்டுவது சரியில்லை என்று முணுமுணுக்க ஆளில்லை. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இதைவிடத் தெளிவாக எனக்கு எழுதத் தெரியாது.

நேற்று விம் வந்து மேட்டு வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் வந்து கட்டித் தரட்டுமா?" என்று கேட்டார். "அது ஆல்வினோட வயல்," என்றேன். "அவன் வரலைன்னா?" என்றார். "அழுகட்டும்," என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

வராந்தாவில் பாரோமீட்டரைத் தட்டினேன். முள் ஏறுகிறது, வெயில் அடிக்கும். செவ்வாய் அறுக்கிறேன். ஞாயிறு மாலைக்குப் பிறகு மழை என்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து உனக்கும் பெரிலுக்கும். கேக் தனிப் பார்சலில் வருகிறது. நறுக்காமல் அனுப்பியிருக்கிறேன்.

நெரிடா


சமையலறை மேசை
சனி, 28 டிசம்பர்

அன்பு நெரிடா,

பெரில் அதிகாலை ரயிலில் ஏற்றிவிட்டாள். ஊரிலிருந்து பால் டேங்கர் லாரி கொண்டுவந்து விட்டது. வரும்போது பார்த்தேன், நீ டென்னிஸ் மைதானத்தில் முட்டி போட்டு வேலிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாய். டிரைவர் ஹாரன் அடிக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அத்தனை பேருக்கு முன்னால் உன்னைப் பார்க்க எனக்குத் தைரியம் போதவில்லை. உன்னை மட்டும் என்றால் பார்க்கலாம்.

மேட்டு வயலுக்கு நடந்து போய் ஒரு பிடி எடுத்தேன். அதை எப்படி முறுக்குவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு முறுக்கினேன். ஒடிந்தது. வாசனையும் நன்றாக இருக்கிறது. நீ அறுத்திருப்பது அவ்வளவு நேராக இல்லை, அதை நேரில் சொல்கிறேன்.

குமிழைப் பிடித்து முற்றத்தில் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன். நாய் குரைத்தது, பிறகு அடையாளம் கண்டுகொண்டு சீட்டுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. லீவர் நல்ல இடத்தில் இருக்கிறது. விம்மிடம் அந்த ஸ்பேனரை அவரே வைத்துக்கொள்ளச் சொல். கொக்கியையும் மாட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன், எழுதச் சுகமில்லை, ஆனால் கேட் சங்கிலியை அது நன்றாகத் திறக்கிறது.

புல்லை வரிசையாக ஒதுக்கிவிட்டேன். கட்டப் போகிறேன். சரிவுக்குக் குறுக்காகத்தான் இறக்குவேன், மைதானத்தில் நிம்மதியாக ஆடட்டும். அடைத்தால் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் இறங்குவேன். சாவி என் பாக்கெட்டில். நீ பயந்துகொண்டு ஓடி வராதே, மெதுவாக வா.

பீட்ரூட் சீசாவைத் திறந்து வைத்திருக்கிறேன். சாறு கொஞ்சம் கால்சட்டையில் போய்விட்டது. ரொட்டியில் வைத்து, தேநீரும் எடுத்துக்கொண்டு வா. கீழ்ப் பக்கமாக வராதே. மேல் கேட் வழியாக வா, உனக்காகத் திறந்து வைத்திருக்கிறேன்.

ஆல்வின்